முன் ஆக்சிலில் எவ்வளவு, பின் ஆக்சிலில் எவ்வளவு? வண்டியின் எடைப் பங்கைக் கண்டுபிடிக்கும் முறை

வேலூர் பக்கம் லோடு வண்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் வண்டி எத்தனை டன் ஏற்றும் என்று உடனே சொல்லிவிடுவார்கள். அந்த எடையில் முன் ஆக்சில், அதாவது முன் சக்கரங்கள் மாட்டியிருக்கிற அச்சு, எவ்வளவு தாங்குகிறது, பின் ஆக்சில் எவ்வளவு தாங்குகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, ஏனென்றால் எடை மேடையில் கொடுக்கிற சீட்டில் மொத்தம் ஒன்றுதான் இருக்கும், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஆனால் பின் டயர் சூடேறி வெடிப்பதும் ஸ்பிரிங் பட்டை ஒடிவதும் வளைவில் ஸ்டீயரிங் லேசாகிக் கைக்கு அடங்காமல் போவதும் மொத்த எடை சரியாக இருக்கும்போதே நடக்கும். அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் காலியாக ஒரு தடவை, வழக்கமான லோடோடு ஒரு தடவை, ஆக்சில் வாரியாக எடை போட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரை மணி நேர வேலை, கணக்கும் எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம், காட்பாடியிலிருந்து சித்தூர் போகிற ரோடு, பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம், ஆரணி அரிசி ஆலைகள் பக்கம் என்று நம் ஊரில் எடை மேடைக்குப் பஞ்சமே கிடையாது. எதில் போடுவது என்று தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, மேடையில் அரசு முத்திரை போட்டிருக்கிறார்களா என்று. தமிழ்நாட்டில் எடையளவுகளைச் சரிபார்த்து முத்திரை போடுவது தொழிலாளர் துறை, எடை மேடைக்கு ஆண்டுக்கு ஒரு முறை அது நடக்க வேண்டும், சான்றிதழை ரூமுக்குள் மாட்டி வைத்திருப்பார்கள். இரண்டாவது, மேடை தரையோடு தரையாக இருக்கிறதா, அல்லது இரண்டு பக்கமும் சரிவு வைத்து உயர்த்திக் கட்டியதா என்று. நமக்கு வேண்டியது தரையோடு இருக்கிற குழி மேடை. முழு வண்டியும் மேலே ஏறி நிற்கும்போது எந்த மேடையாக இருந்தாலும் ஒன்றுதான், ஆனால் நாம் ஒரு ஆக்சிலை மட்டும் மேலே நிறுத்தி இன்னொன்றை வெளியே விடப்போகிறோம், அப்போது வெளியே நிற்கிற சக்கரம் பள்ளத்தில் இருந்தால் வண்டியே சாய்ந்து நின்று எடை அந்தப் பக்கம் போய்விடும்.

லாரி வரிசை இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். மதியச் சாப்பாட்டு நேரம் நல்லது. மேடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, முன் வீல் மட்டும் ஒரு தடவை, முழு வண்டி ஒரு தடவை, பின் வீல் மட்டும் ஒரு தடவை, மூணு சீட்டு வேணும்." எதுக்குப்பா மூணு என்று கேட்பார். ஆக்சில் எடை பார்க்கணும் என்று சொன்னால் புரிந்துகொள்வார், கூடுதல் சீட்டுக்கு ஏதோ கொஞ்சம் சேர்த்து வாங்குவார், அவ்வளவுதான்.

முன் சக்கரங்கள் மேடைக்குள் நன்றாக வந்து, பின் சக்கரங்கள் முழுக்க வெளியே இருக்கிற இடத்தில் வண்டியை மெதுவாக நிறுத்துங்கள். பிரேக்கை அடித்து நிறுத்தாதீர்கள், அடித்தால் முன்பக்கம் அமுங்கின ஸ்பிரிங் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும், எடை கூடக் காட்டும். நின்றதும் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, வெளியே நிற்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, அப்புறம் கால் பிரேக், கை பிரேக் இரண்டையும் விட்டுவிடுங்கள். வண்டி லேசாக ஒரு ஆட்டம் ஆடி அடங்கும், எண்ணும் கொஞ்சம் ஏறி இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். நின்ற பிறகு சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். அதே மாதிரி முழு வண்டியையும் ஏற்றி ஒன்று, முன் சக்கரங்கள் அந்தப் பக்கம் இறங்கி பின் சக்கரங்கள் மட்டும் நிற்கும்போது ஒன்று. மூன்று தடவையும் டிரைவர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தால் மூன்றிலும் உட்கார்ந்திருங்கள், இறங்கினால் மூன்றிலும் இறங்குங்கள். டீசல் எவ்வளவு இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், 40 லிட்டர் டீசல் ஏறக்குறைய 33 கிலோ வரும்.

மூன்றாவது சீட்டு எதற்கு, மொத்தத்தில் முன் எடையைக் கழித்தால் பின் எடை வந்துவிடுமே என்று தோன்றும். வரும். ஆனால் மூன்றாவதுதான் முதல் இரண்டும் சரியா என்று சொல்லும். முன்னும் பின்னும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். மேடை 5 அல்லது 10 கிலோ படியாகத்தான் காட்டும் என்பதால் பத்து இருபது கிலோ இப்படி அப்படி இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் கூட்டுத்தொகை குறைந்தால் வெளியே நின்ற சக்கரம் பள்ளத்தில் இருந்தது என்று அர்த்தம், இரண்டு எடையும் ஆளுக்குக் கொஞ்சம் குறைவாக விழுந்திருக்கும். இரண்டு பக்கச் சரிவும் ஒரே மாதிரி இருந்தால் குறைகிற எடையைப் பாதி பாதியாக இரண்டு ஆக்சிலிலும் சேர்த்துவிடலாம், பெரிய தப்பு வராது. கூட்டுத்தொகை தாறுமாறாக இருந்தால் எங்கேயோ பிரேக் பிடித்திருந்தது, திரும்பப் போடுங்கள்.

சரி, இப்போது கணக்கு. புரிவதற்காக ஒரு சின்ன பிக்கப் வண்டியை எடுத்துக்கொள்வோம், எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. காலியாக இருக்கும்போது முன் ஆக்சில் 850 கிலோ, பின் ஆக்சில் 550, மொத்தம் 1400. முன் எடையை மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 60.7 சதவீதம், மீதி 39.3 சதவீதம் பின்னால். எஞ்சின், கியர்பாக்ஸ், கேபின் எல்லாம் முன்னால் இருக்கிற வண்டிக்கு இது இயல்பு. முன் சக்கரம் இழுக்கிற கார்களும் காலியாக ஏறக்குறைய 60க்கு 40 என்றுதான் நிற்கும். எஞ்சின் பின்னால் இருக்கிற பஸ்ஸும் ஆட்டோவும் இதற்கு நேர் எதிர்.

இதோடு வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை இருக்கிற தூரம், தெரிந்தால்தான் மேலே போக முடியும். கையேட்டில் இருக்கும், இருந்தாலும் நீங்களே ஒரு தடவை அளந்து பாருங்கள். சிமெண்ட் தரையில் வண்டியை நேராக நிறுத்தி, கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டை முன் சக்கர ஹப்பின் நடுவிலிருந்து தொங்கவிட்டு, குண்டு ஆடி நின்றதும் அதன் முனை தொடுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். பின் சக்கரத்துக்கும் அப்படியே. இரண்டு புள்ளிக்கும் நடுவே டேப் வைத்து அளந்தால் வீல்பேஸ். அப்படியே அந்தப் பக்கமும் அளந்துவிடுங்கள். இடது பக்கம் ஒரு அளவும் வலது பக்கம் ஒரு அளவும் வந்து, பத்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், எடை போடுவதை நிறுத்திவிட்டு முதலில் ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் ஒடிந்திருக்கிறதா, பட்டையை ஆக்சிலோடு கட்டுகிற யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம்.

நம் வண்டிக்கு வீல்பேஸ் 2500 மி.மீ. என்று வைப்போம். பாடி, அதாவது லோடு ஏற்றுகிற தொட்டி, முன் ஆக்சிலுக்கு 1000 மி.மீ. பின்னால் தொடங்கி 2400 மி.மீ. நீளம் இருக்கிறது. இதில் 20 மூட்டை சிமெண்ட், மூட்டைக்கு 50 கிலோ, ஆக 1000 கிலோ ஏற்றுகிறோம். மூட்டையைப் பாடி முழுக்கச் சமமாகப் பரப்பினால் லோடின் நடு, பாடியின் நடுவில் விழும். அது முன் ஆக்சிலிலிருந்து 1000 கூட்டல் 1200, அதாவது 2200 மி.மீ. இந்தத் தூரத்தை வீல்பேஸால் வகுத்து லோடால் பெருக்கினால் பின் ஆக்சிலுக்குப் போகிற பங்கு வரும்: 2200ஐ 2500ஆல் வகுத்து, 1000ஆல் பெருக்கினால் 880 கிலோ. மீதி 120 கிலோ முன்னால். ஆக லோடோடு முன் 970, பின் 1430, மொத்தம் 2400. சதவீதத்தில் முன் 40, பின் 60 என்று ஆகிவிட்டது.

இப்போது அதே 20 மூட்டையை, இறக்குவதற்கு வசதி என்று பின் டோர் பக்கமாகக் கடைசி ஒரு மீட்டரில் அடுக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். லோடுமேன்கள் இப்படி அடுக்குவது நாம் தினமும் பார்ப்பதுதான், யாரும் தடுக்காவிட்டால் மூட்டை டோர் பக்கம்தான் சேரும். லோடின் நடு இப்போது 2900 மி.மீ., பின் ஆக்சிலையே தாண்டி 400 மி.மீ. பின்னால் தொங்குகிறது. கணக்குப் போட்டால் பின் ஆக்சிலுக்கு 1160 கிலோ வருகிறது. ஏற்றியதே 1000 கிலோதானே, 1160 எப்படி வந்தது? ஏற்றம் இறைக்கிற மரத்தின் ஒரு பக்கம் தாழ்ந்தால் இன்னொரு பக்கம் தூக்குமே, அது மாதிரி பின் ஆக்சிலை அச்சாக வைத்து வண்டியின் மூக்கை லோடு மேலே தூக்குகிறது, முன் ஆக்சிலிலிருந்து 160 கிலோவைப் பிடுங்கிப் பின்னால் போடுகிறது. முன் 690, பின் 1710. காலி வண்டியில் இருந்த 850ஐவிட முன் எடை குறைந்துவிட்டது, லோடு ஏற்றிய பிறகு!

எடை மேடையில் முழு வண்டியும் ஏறினால் இரண்டுக்குமே 2400 கிலோ என்று ஒரே சீட்டுதான் வரும். சீட்டைப் பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி, ரோட்டில் இரண்டும் வேறு வேறு வண்டி.

டயரில் இந்த வித்தியாசம் எப்படித் தெரியும் என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், 91 என்றால் அந்த டயர் அதிகபட்சம் 615 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ. நம் வண்டியின் பின்னால் 100 எண் போட்ட டயர் இரண்டு இருந்தால், சமமாகப் பரப்பின லோடில் டயருக்கு 715 கிலோ, தாங்கும். டோர் பக்கம் அடுக்கின லோடில் டயருக்கு 855 கிலோ, தாங்காது. மே மாத வேலூர் வெயிலில், கொதிக்கிற தார் ரோட்டில், ஆம்பூர் வரை நிற்காமல் ஓட்டிப் போகிற வண்டிக்கு இந்த 55 கிலோ சாதாரண விஷயம் இல்லை. காற்றழுத்தமும் ஆக்சில் எடையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும், அதுவும் காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது.

பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கூட இதில்தான் இருக்கிறது. முன் சக்கரத்தில் எடை குறைந்தால் ரோட்டைப் பிடிக்கிற பிடியும் குறையும், ஈரத்தில் திருப்பினால் வண்டி நேராகவே போகும். ராத்திரியில் மூக்கு தூக்கி நிற்பதால் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், நாம் டிம் போட்டும் அவர் திட்டிக்கொண்டே போவார். இன்னொன்று பலருக்குத் தெரியாது: நிறைய பிக்கப் வண்டிகளில் பின் ஆக்சிலின் கூடான ஹவுசிங்குக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு சின்ன வால்வு ஒன்று இருக்கும், எல்.எஸ்.பி.வி. என்பார்கள். லோடு ஏறிப் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி பின் பிரேக்குக்கு அழுத்தம் விடுவது அதன் வேலை. பின்பக்கம் தாழ்கிறதே என்று கூடுதலாக ஒரு பட்டை போட்டுவிட்டு இந்த வால்வைத் திருப்பி செட் செய்யாமல் விட்டால், லோடு இருந்தும் வண்டி அமுங்காது, வால்வு காலி வண்டி என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதனால் பட்டை போடுவதற்கு முன்னால் ஆக்சில் எடையைப் போட்டுப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பாதி வண்டிகளுக்குத் தேவை கூடுதல் பட்டை இல்லை, மூட்டையை ஒரு முழம் முன்னால் தள்ளி அடுக்குவதுதான்.

உங்கள் லோடின் நடு எங்கே விழுகிறது என்று தெரியாவிட்டாலும் சீட்டை வைத்துத் திருப்பிக் கண்டுபிடித்துவிடலாம், எனக்கு இந்தக் கணக்கில் ரொம்பப் பிடித்தது இதுதான். லோடோடு இருந்த பின் ஆக்சில் எடையிலிருந்து காலி பின் ஆக்சில் எடையைக் கழியுங்கள், வந்ததை லோடின் எடையால் வகுத்து வீல்பேஸால் பெருக்குங்கள். 1430இல் 550 போனால் 880, அதை 1000ஆல் வகுத்து 2500ஆல் பெருக்கினால் 2200 மி.மீ. குடியாத்தம் பக்கம் மாங்காய் கிரேட், தேங்காய், ஆம்பூர் பேரணாம்பட்டுப் பக்கம் தோல் கட்டு என்று அளவும் அடுக்கும் ஒரே சீராக இல்லாத லோடுக்கெல்லாம் இந்த வழிதான் சரி. ஒரு தடவை போட்டு நடுவைக் கண்டுபிடித்துவிட்டால், பாடிப் பலகையில் அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள், பின் ஆக்சிலுக்கு நேராக இன்னொரு கோடு. முதல் கோடு எப்போதும் கேபின் பக்கம் இருக்க வேண்டும். அடுக்குகிறவர்களுக்கும் அதைக் காட்டிச் சொல்வது சுலபம்.

முதல் தடவை சோதித்துப் பார்க்க தண்ணீரைவிட நல்ல லோடு இல்லை. ஒரு லிட்டர் ஒரு கிலோ, மூட்டை மாதிரி கூடக் குறைய இருக்காது. 1000 லிட்டர் தொட்டியைப் பாடியில் வைத்துக் கட்டி, முழுக்க நிரப்பி, தொட்டியின் நடு முன் ஆக்சிலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, கணக்குப் போட்டு, மேடையில் சரிபாருங்கள். நிரப்புகிறீர்கள் என்றால் முழுக்க நிரப்புங்கள். கோடையில் தெருத்தெருவாகத் தண்ணீர் விடுகிற வண்டிகள் பாதித் தொட்டியோடு ஓடும்போது தண்ணீர் முன்னும் பின்னும் அடித்து, பிரேக் பிடிக்கும்போது ஒரு பங்கு, கிளம்பும்போது வேறு பங்கு என்று மாறிக்கொண்டே இருக்கும்.

மேடையில் வருவது நிற்கிற வண்டியின் கணக்கு என்பதை மறக்கக்கூடாது. பிரேக் பிடித்தால் எடை முன்னால் ஓடும், மேடேறினால் பின்னால் ஓடும். எவ்வளவு என்பது லோடின் உயரத்தைப் பொறுத்தது. நம் 2400 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 900 மி.மீ. உயரத்தில் இருந்து, புவியீர்ப்பின் பாதி அளவுக்குப் பலமாகப் பிரேக் அடித்தால், 2400ஐப் பாதியாக்கி 900ஆல் பெருக்கி 2500ஆல் வகுக்க, 432 கிலோ முன் ஆக்சிலுக்கு மாறும். ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவிலும் லோடு வண்டி ஏறும்போது ஏற்கெனவே மூக்கு லேசாக இருக்கிற வண்டி இன்னும் லேசாகும், திருப்புகிற இடமும் அதுதான். மலைக்குப் போகிற லோடை உயரமாக அடுக்காமல், கேபினை ஒட்டித் தாழ்வாக அடுக்குங்கள்.

பெரிய வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னால் இரண்டு ஆக்சில் சேர்ந்து இருக்கிற பத்துச் சக்கர லாரியில் அந்த இரண்டையும் சேர்த்தே ஒன்றாக மேடையில் ஏற்றுங்கள், தனித்தனியாகப் போட்டால் மேடைக்கும் தரைக்கும் இருக்கிற சின்ன உயர வித்தியாசமே எண்ணைக் கெடுத்துவிடும். வீல்பேஸையும் அந்த இரண்டு ஆக்சிலுக்கும் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். தேவையில்லாதபோது தரையிலிருந்து தூக்கிவிடக்கூடிய லிஃப்ட் ஆக்சில் இருந்தால் தூக்கி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை. சட்டம் என்ன அனுமதிக்கிறது என்பது உங்கள் ஆர்.சி.யில் இருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அளவை உயர்த்தியபோது நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது, இரண்டு ஆக்சில் லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. அப்படி என்றால் மொத்தம் 18 டன் காட்டுகிற லாரி, பின் ஆக்சிலில் 12 டன்னோடு போய்க்கொண்டிருக்கலாம். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194வது பிரிவில் அதிக எடைக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதோடு கூடுதல் லோடை இறக்குகிற செலவும் நம் தலையில்தான்.

பைக், ஸ்கூட்டருக்கு எடை மேடை வேண்டாம், பத்து கிலோ படியில் காட்டுகிற மேடையில் அது ஒன்றும் சொல்லாது. 150 கிலோ வரை காட்டுகிற வீட்டு எடை மெஷின் போதும். ஒரு சக்கரத்தை மெஷின் மேல் வைத்து, இன்னொரு சக்கரத்துக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, வண்டியை நிமிர்த்தி ஒருவர் லேசாகப் பிடித்துக்கொள்ள, எண்ணைப் பாருங்கள். அப்புறம் மாற்றிப் போடுங்கள். பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால், கேரியரில் மூட்டை கட்டினால் எவ்வளவு மாறுகிறது என்று அதே மாதிரி பார்க்கலாம், மெஷினின் அளவைத் தாண்டாமல்.

டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டு அம்முண்டி சர்க்கரை ஆலைக்குப் போகிறவர்கள் டிராக்டரைத் தனியாகவும் எடை போட வேண்டும். இரண்டு சக்கர டிரெய்லர் தன் லோடில் ஒரு பங்கைக் கொக்கி வழியாக டிராக்டரின் பின்பக்கம் இறக்குகிறது, கொக்கியோ பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கிறது, ஆகவே டிரெய்லர் லோடு ஏற ஏற டிராக்டரின் முன் சக்கரம் லேசாகும். டிரெய்லரை மாட்டாமல் டிராக்டரின் முன் எடையை ஒரு தடவை போடுங்கள், லோடு டிரெய்லரை மாட்டிய பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி மறுபடி போடுங்கள். குறைகிற எடை பெரிதாக இருந்தால் கரும்பை டிரெய்லர் ஆக்சிலுக்கு நேராக வருகிற மாதிரி கொஞ்சம் பின்னால் தள்ளி அடுக்கலாம், ஆனால் ஆக்சிலைத் தாண்டிப் பின்னால் போய்விடாமல், போனால் கொக்கியை மேலே தூக்கும். அது போதாவிட்டால் டிராக்டரின் மூக்கில் மாட்டுகிற இரும்பு வெயிட்டைச் சேர்த்து மூன்றாவது தடவையும் போட்டுப் பாருங்கள்.